கதை எழுதும் பெட்டிக்கு ஆண்டுக்கு 40,000 ரூபாயா?

கேள்வி: நாங்கள் நான்கு பேர் சேர்ந்து சிறுவர் கதைகளுக்காக ஒரு இணையதளம் நடத்துகிறோம். எழுத்தாளர்கள் தளத்துக்குள்ளேயே கதையை எழுதி, படம் சேர்த்து அனுப்பும்படி மாற்றச் சொல்லியிருக்கிறோம். அதில் வைக்கும் எடிட்டருக்கு, அதாவது எழுதும் பெட்டிக்கு, டெவலப்பர் இரண்டு வழி சொல்கிறார்: ஒன்று இலவசம், இன்னொன்றுக்கு ஆண்டுக்கு 40,000 ரூபாய். காசு கட்டினால் தலைவலி இல்லை என்கிறார். எதை எடுக்கலாம்?
- ஒரு வாசகி, கோவை

பதில்: உங்கள் தேவைக்கு இலவசமே போதும். கட்டண எடிட்டர்களில் காசு பெரும்பாலும் எதற்குப் போகிறது? ஒரே கட்டுரையைப் பலர் ஒரே நேரத்தில் திருத்துவது, யார் எதை மாற்றினார் என்று தடம் பார்ப்பது, வேர்டு கோப்பை வடிவம் குலையாமல் ஒட்டுவது, சிக்கல் வந்தால் கேட்க ஆள் இருப்பது. தலைப்பு, தடித்த எழுத்து, படம், இணைப்பு இவ்வளவுதான் வேண்டும் என்றால் க்வில், டிப்டாப் என்ற இலவச எடிட்டர்கள் இரண்டுமே தாங்கும்.

ஆனால் 'இலவசம்' என்ற சொல்லோடு நிற்காமல் உரிமத்தை, அதாவது எந்த நிபந்தனையில் பயன்படுத்தலாம் என்பதை, கேளுங்கள். க்வில் பிஎஸ்டி உரிமம்; டிப்டாப்பின் அடிப்படைப் பகுதி எம்ஐடி. இவற்றில் கட்டுப்பாடு மிகக் குறைவு. எம்ஐடியில் இருந்த டைனிஎம்சிஇ என்ற எடிட்டர், 2024இல் வந்த 7ஆம் பதிப்பிலிருந்து ஜிபிஎல்லுக்கு மாறிவிட்டது; மென்பொருளை மற்றவர்களுக்குக் கொடுத்தால் மூலநிரலையும் (நிரலின் முழு வரிகளையும்) தரச் சொல்லும் உரிமம் அது. சிகேஎடிட்டர் 5 என்ற இன்னொரு எடிட்டருக்கும் ஜிபிஎல் அல்லது கட்டணம்தான். நாளைக்கு இந்த மென்பொருளையே மூலநிரல் தராமல் மற்றவர்களுக்கு விற்கும் எண்ணம் இருந்தால், இந்த வித்தியாசம் பெரிய செலவில் கொண்டுபோய் விடும்.

இன்னொன்று, எடிட்டர் உங்கள் தளம் ஓடும் சர்வரில் இருக்குமா, நிறுவனத்தின் கிளவுடிலிருந்து வருமா? கிளவுட் என்றால் பல இடங்களில் எடிட்டர் திறக்கும் ஒவ்வொரு முறையையும் எண்ணுவார்கள். எழுத்தாளர்கள் ஆறு பேர் தினம் பத்து முறை திறந்தாலே மாதம் 1,800 முறை. இலவச எடிட்டரை உங்கள் சர்வரிலேயே வைத்துவிட்டால் இந்தக் கணக்கே வேண்டாம்.

சரி, நான் உண்மையில் கவலைப்படுவது தமிழைப் பற்றி. டெமோ பக்கத்தில் ஆங்கிலத்தில் நாலு வரி தட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்வது பெரிய தவறு. உங்கள் எழுத்தாளர் ஒருவரின் ஆண்ட்ராய்டு கைபேசியை வாங்கி, அவர் வழக்கமாகப் பயன்படுத்தும் விசைப்பலகையில் ஒரு பத்தி முழுக்க அடித்துப் பாருங்கள். நடுவில் ஒரு சொல்லை அழியுங்கள், பரிந்துரையில் வரும் சொல்லைத் தொட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள், உடனே தடித்த எழுத்தாக மாற்றுங்கள். இந்த இடத்தில்தான் சில எடிட்டர்கள் தடுமாறும். கர்சர் வரியின் தொடக்கத்துக்குத் தாவும், அடித்த சொல் இரண்டு முறை விழும். கணினியில் ஒழுங்காக ஓடிய ஒரு எடிட்டர் கைபேசியில் 'வணக்கம்' என்ற சொல்லை 'வணவணக்கம்' ஆக்கியதை நானே பார்த்திருக்கிறேன்.

எழுத்து எண்ணிக்கையையும் சோதியுங்கள். 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ஐந்து குறி, ஏனென்றால் இகரக் குறியையும் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. 'தன்விவரம் 500 எழுத்துக்குள்' என்று வரம்பு வைத்தால், எழுத்தாளர் 300ஐத் தாண்டிக் கொஞ்ச தூரம் போவதற்குள் பெட்டி மூடிக்கொள்ளும். பாவம், அவர் தான்தான் தப்பாக எண்ணிவிட்டோம் என்று நினைப்பார்.

அப்புறம் சேமிக்கும் இடம். கதைகளைச் சேமிக்கும் டேட்டாபேஸ் மைஎஸ்கியூஎல் என்றால், அதில் 'டெக்ஸ்ட்' என்ற வகை 65,535 பைட் (சேமிப்பு இடத்தின் அலகு) வரைதான் கொள்ளும். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் போகிறது. வடிவமைப்புக் குறிகளையும் சேர்த்தால் 2,000 சொல் கதையே விளிம்புக்கு வந்துவிடும். சர்வர் அமைப்பைப் பொறுத்து, மிஞ்சுவது பிழையாகத் திரும்பும் அல்லது சத்தமில்லாமல் வெட்டப்படும். நண்பர் ஒருவரின் தளத்தில் ஒரு கதையின் முடிவு இப்படித்தான் காணாமல் போனது. வாசகர் கேட்ட பிறகுதான் தெரிந்தது. அதைவிடப் பெரிய 'மீடியம்டெக்ஸ்ட்' வகையை வைக்கச் சொல்லுங்கள், அதற்குத் தனிச் செலவு இல்லை. ஒட்டிய படம் கதையோடு சேர்ந்து டேட்டாபேஸுக்குள் போகாமல் தனிக் கோப்பாகப் போகிறதா என்றும் பாருங்கள்.

பாதுகாப்புக்கு ஒரே ஒரு கேள்வி போதும்: வரும் எச்டிஎம்எல்லில் (வடிவமைப்புக் குறிகளோடு வரும் உரையில்) தீங்கான நிரல் ஒளிந்திருந்தால் அதைச் சர்வரில் வடிகட்டுகிறீர்களா? எடிட்டர் வடிகட்டுகிறது என்று பதில் வந்தால் ஏற்காதீர்கள். எடிட்டரைத் தொடாமலே ஒருவர் நேராகச் சர்வருக்கு அனுப்ப முடியும்.

கேள்வி: எங்கள் சங்கத்தின் தளத்தில் சிகேஎடிட்டர் 4 இருக்கிறது. திறந்தால் 'இந்தப் பதிப்பு பாதுகாப்பானதல்ல' என்று வருகிறது. அந்தச் செய்தியை மறைத்துவிட்டால் போதும் என்கிறார் பராமரிப்பவர். சரியா?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: சரியில்லை. 4ஆம் பதிப்பின் ஆதரவு 2023 ஜூனோடு முடிந்தது. அதற்குப் பிறகான பாதுகாப்புத் திருத்தங்கள் கட்டணம் செலுத்துபவர்களுக்குத்தான். செய்தியை மறைத்தாலும் ஓட்டை அப்படியேதான் இருக்கும்.

5க்கு மாறுவது கோப்பை மாற்றி வைக்கும் வேலை இல்லை. அது முழுக்கப் புதிதாக எழுதப்பட்டது. பழைய செருகுநிரல்கள் (கூடுதல் வசதிக்குச் சேர்த்த சிறு நிரல்கள்) அதில் ஓடாது. தனக்குத் தெரியாத வடிவமைப்பை, அதற்கென்று அமைத்துக் கொடுக்காவிட்டால், கழித்துவிடும். அதனால் முதலில் டேட்டாபேஸை நகலெடுங்கள். அந்த நகலில், அட்டவணையும் படமும் நிறைந்த பத்துப் பழைய கட்டுரைகளைப் புது எடிட்டரில் திறந்து, எதையும் மாற்றாமல் சேமித்துப் பாருங்கள். பத்தும் முன்பிருந்தபடியே வந்தால் நேரடித் தளத்தில் மாற்றச் சொல்லுங்கள்.