மெல்பர்ன் சுவருக்குப் பாலைவனத்துப் புள்ளிகள் எதற்கு?

கேள்வி: மெல்பர்னில் உள்ளக வடிவமைப்பாளராக வேலை பார்க்கிறேன். ரிச்மண்ட் பகுதியில் திறக்கவிருக்கும் ஒரு மருத்துவ நிலையத்தின் வரவேற்பறைச் சுவருக்கு, ‘இந்த மண்ணைச் சொல்லும்’ பூர்வகுடிப் புள்ளி ஓவியம் வேண்டும் என்கிறார் வாடிக்கையாளர். யாருடைய படைப்பையும் நகலெடுக்காமல் நானே கணினியில் வரைந்துவிட்டால் சிக்கல் வருமா? அந்தக் கலையிலிருந்து என்னைப் போன்றவர்கள் முறையாக எதைக் கற்றுக்கொள்ளலாம்?

பதில்: வரைய வேண்டாம். பதிப்புரிமைச் சட்டம் ஒருவர் வரைந்த குறிப்பிட்ட ஓவியத்தைக் காக்குமே தவிர, புள்ளி வைக்கும் பாணியைக் காக்காது என்பது உண்மைதான். ஆனால் உங்கள் சுவரைப் பூர்வகுடிக் கலை என்று வாடிக்கையாளர் விளம்பரப்படுத்தினால், நுகர்வோரைத் தவறாக வழிநடத்தியதாக நடவடிக்கை வரலாம். அதைவிடப் பெரிய பிழை, அந்தப் புள்ளிகள் ரிச்மண்டுக்கு உரியவையே அல்ல என்பது.

பரப்பு முழுவதையும் புள்ளிகளால் நிரப்பும் முறை நாட்டின் நடுவே உள்ள மேற்குப் பாலைவனத்தைச் சேர்ந்தது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து சுமார் 240 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பாப்புன்யாவில், சடங்குகளின்போது மணலிலும் உடலிலும் தீட்டிவந்த உருக்களை 1971-இல் ஆண்கள் பலகைகளில் வரையத் தொடங்கினார்கள். வெளியார் பார்க்கக் கூடாத விவரங்கள் வெளிப்படுகின்றன என்று கண்டனம் எழுந்த பிறகு, அவற்றை மறைக்கவும் புள்ளிகள் பயன்பட்டன. நீங்கள் அலங்காரமாக எண்ணும் பகுதி சில ஓவியங்களில் வேண்டுமென்றே போடப்பட்ட திரை.

ரிச்மண்டோ வுருண்ட்ஜெரி வோய்-வுருங் மக்களின் நிலம். தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் மரபு கோடுகளையும் சாய்சதுரங்களையும் செதுக்கும் மரபு. கேடயங்களைப் பாருங்கள், பாசம் என்ற மரவாழ் விலங்கின் தோலால் ஆன போர்வைகளைப் பாருங்கள். அந்தத் தோல்களைக் கங்காரு நரம்பால் ஒன்றோடொன்று தைத்து, உட்புறத்தில் சிப்பியோட்டாலோ கூரிய எலும்பாலோ கீறி வடிவங்களை அமைப்பார்கள். உரோமப் பக்கம் உடலோடு ஒட்டியிருக்க, கீறிய பக்கம் வெளியே தெரியும். அணிந்திருப்பவர் எந்தக் குலம், எந்த நிலம் என்பதை அந்தக் கோடுகள் சொல்லும். மெல்பர்ன் அருங்காட்சியகத்தில் இத்தகைய பத்தொன்பதாம் நூற்றாண்டுப் போர்வைகள் இரண்டு உள்ளன.

வடிவமைப்பாளர் கற்க வேண்டியது அந்தக் கோடுகளின் தோற்றத்தையன்று, எந்த இடத்தை யார் வரையலாம் என்ற ஒழுங்கை. மேற்கு ஆஸ்திரேலியாவின் பெரு மணற் பாலைவனத்து மக்கள் 1997-இல் நில உரிமைக் கோரிக்கைக்காக 8 மீட்டருக்கு 10 மீட்டர் அளவில் ‘ங்குர்ராரா’ என்ற ஓவியத்தைச் சேர்ந்து வரைந்தபோது, ஒவ்வொருவரும் தமக்கு உரிமையுள்ள நீர்நிலையை மட்டுமே வரைந்தார்கள். பிறகு தீர்ப்பாயத்தார் முன்னிலையில், அவரவர் தம் பகுதியின் மேல் நின்று தத்தம் மொழியில் சாட்சி சொன்னார்கள். நம் ஊர்க் கணக்கில் அது பட்டாவும் நில வரைபடமும் ஒன்றானது. அவ்வளவு தெளிவான சாட்சியத்துக்குப் பிறகும் உரிமையை ஏற்றுக்கொள்ள நீதிமன்றத்துக்கு 2007 வரை ஆனது. இந்த அமைப்பின் வேகம் அதுதான்.

இனி இடைத்தரகர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் நீங்கள் விசாரிக்கத் தொடங்கியதுமே அவர்கள்தாம் முதலில் வருவார்கள். ‘பூர்வகுடி பாணி’ என்று தலைப்பிட்டுப் படங்களை விற்கும் இணையக் களஞ்சியங்களில் வாங்கும் உரிமம், அதைப் பதிவேற்றியவர் கொடுக்கும் உரிமமே தவிர நிலத்துக்குரியவர்களின் ஒப்புதல் ஆகாது. அரைவட்டம் என்றால் உட்கார்ந்திருக்கும் ஆள், வட்டம் என்றால் நீர்நிலை என்று அட்டவணை போட்டுத் தரும் ‘குறியீட்டுத் தொகுப்பு’களை வாங்காதீர்கள், ஒரே வட்டம் சொல்பவரையும் இடத்தையும் பொறுத்து முகாமாகவும் நெருப்பாகவும் மாறும். தங்க முத்திரை குத்திய சான்றிதழை நீட்டும் முகவரிடம், ஓவியரின் பெயர், அவருடைய மொழிக்குழு, அவர் கையில் போய்ச் சேர்ந்த தொகை ஆகிய மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். பழைய காரைக் கொடுத்துவிட்டு ஓவியங்களை அள்ளிப் போகும் வியாபாரிகளைப் பற்றி ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் தெரியாதவர்கள் இல்லை. இந்தோனேசியாவில் செய்த பொருட்களைப் பூர்வகுடிக் கைவினை என்று விற்ற பிருபி ஆர்ட் நிறுவனத்துக்கு 2019-இல் 23 லட்சம் டாலர் அபராதம் விதித்தார்கள். அதற்கு முன்பே நிறுவனம் கலைப்புக்குப் போய்விட்டது. பூர்வகுடிப் பண்பாட்டு அறிவைக் காக்கத் தனிச் சட்டம் கொண்டுவருவதாக அரசு 2023-இல் வாக்குறுதி கொடுத்தது. நீங்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பலர் குழப்பிக்கொள்வதால் சற்று விரித்தே சொல்கிறேன். பாலைவனத்தைச் சேர்ந்த ஓவியர் ஒருவர் மெல்பர்னிலேயே குடியிருக்கலாம். அவரிடம் படைப்பைக் கேட்டு வாங்கி அந்தச் சுவரில் வைப்பதில் தவறில்லை. ஆனால் அவர் வரைவது தம் ஊரை, ரிச்மண்டை அல்ல. எனவே ஓவியத்தின் கீழ் அவர் பெயரும் அவருடைய பூர்வகுடி நிலத்தின் பெயரும் இருக்க வேண்டும், ‘இந்த மண்ணின் கதை’ என்ற வரி இருக்கக் கூடாது. அவர் பெருந்தன்மையாகச் சம்மதித்தாலும் அந்த வரியை எழுதாதீர்கள், ஏனெனில் ரிச்மண்டைப் பற்றிச் சம்மதிக்கும் உரிமை அவருக்கு இல்லை. மேலும், அந்தக் கதை குலத்துக்குப் பொதுவானது என்றால், அவர் ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதுமா, மூத்தவர்களிடமும் கேட்க வேண்டுமா என்று அவரிடமே கேட்டுவிடுங்கள்.

வாடிக்கையாளர் சொன்னபடி அந்த மண்ணைத்தான் காட்ட வேண்டும் என்றால், வுருண்ட்ஜெரி மக்களின் பதிவுபெற்ற அமைப்பை முதலில் அணுகி, அவர்கள் வழியாக ஓவியரைத் தேடுங்கள். ஆலோசனைக்கும் கட்டணம் உண்டு. அதை ஓவியரின் ஊதியத்திலிருந்து கழிக்காமல் தனியாக மதிப்பீட்டில் சேருங்கள். ஓவியம் இந்தச் சுவருக்கு மட்டுமே, கோப்பையிலோ வருகைச் சீட்டிலோ அச்சிட வேண்டுமானால் தனி அனுமதியும் தனிக் கட்டணமும் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். மூத்தவர்கள் கூடிப் பேச மாதங்கள் ஆகலாம் என்பதால், வாடிக்கையாளரிடம் இந்த வாரமே பேசித் திறப்பு விழாத் தேதியிலிருந்து அந்தச் சுவரைப் பிரித்துவிடுங்கள்.