தாள் நடுங்கினால் மண்டபத்துக்கே கேட்கும்

கேள்வி: அக்கா, தீபாவளிக்கு எங்கள் கோயில் மண்டபத்தில் 5 நிமிடம் தமிழில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஆபீசில் ஆங்கிலத்தில் பேசப் பயமில்லை. தமிழ் என்றால் கால் நடுங்குகிறது. ‘ழ’ வராது. ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துத்தான் படிப்பேன். மேடையில் தைரியமாக நிற்பது எப்படி?
– ஒரு வாசகி, டோங்காட், தென்னாப்பிரிக்கா

பதில்: தங்கச்சி, முதலில் என் மானம் போன கதை. சாட்ஸ்வொர்த்தில் ஒரு கல்யாணம். வாழ்த்திப் பேச என்னை மேடையேற்றிவிட்டார்கள். கையில் மெல்லிய தாள், இரண்டு பக்கம். கை நடுங்க, தாள் மைக்குக்குப் பக்கத்தில் படபடத்தது. தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி மண்டபம் முழுக்கக் கேட்டது. அதோடு விட்டதா? மாப்பிள்ளை பெயருக்குப் பதில் அவர் தம்பி பெயரைச் சொல்லிவிட்டேன். நல்லவேளை, அதற்குள் பிரியாணி வாசனை வந்துவிட்டது.

அன்றிலிருந்து தாள் கிடையாது. உள்ளங்கை அளவில் கெட்டி அட்டை, அதில் ஏழெட்டுச் சொல், அவ்வளவுதான்.

நடுக்கம், பயந்தால் உடம்பில் சுரக்கிற அட்ரினலின் செய்கிற வேலை. நெஞ்சு அடித்துக்கொள்ளும், வாய் காயும். பேச ஆரம்பித்தபின் பெரும்பாலும் தானே தணியும். ஆகவே முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். பாத்திரம் கழுவும்போது சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். மேடை ஏறியதும் பேச அவசரப்படாதீர்கள். காலை ஊன்றி நின்று, மூச்சை நீளமாக விட்டு, தெரிந்த முகம் ஒன்றைப் பார்த்துவிட்டு, அப்புறம் வாயைத் திறங்கள். அந்த மூன்று வினாடி உங்களுக்குத்தான் யுகம். கீழே இருப்பவர்கள் ‘நிதானமான பொண்ணு’ என்பார்கள்.

ஆனால் உங்கள் பயம் மேடையால் வந்ததில்லை. ஆபீசில் உங்கள் சொந்த விஷயத்தைப் பேசுகிறீர்கள். இங்கே யாரோ எழுதித் தந்த ‘இருளகற்றி ஒளியேற்றும் இந்நன்னாளில்’ மாதிரி ஏதாவது இருக்கும், சரிதானே? கிழித்துப் போடுங்கள். தீபாவளியன்று விடியற்காலையில் உங்கள் தலையில் எண்ணெய் வைத்தது யார்? பலகாரத் தட்டு முதலில் எந்தப் பக்கத்து வீட்டுக்குப் போகும்? அதைச் சொல்லுங்கள். வீட்டில் ஆயா பேசிய தமிழ் போதும்.

காந்தி பம்பாய் நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணைக்கு எழுந்து, வார்த்தையே வராமல் உட்கார்ந்து, 30 ரூபாய் கட்டணத்தையும் திருப்பித் தருகிறேன் என்றவர். 1893-இல் நம் தென்னாப்பிரிக்காவுக்கு வந்து, பிரிட்டோரியாவில் இந்திய வியாபாரிகளிடம் வியாபாரத்தில் உண்மை பற்றிப் பேசினார். அதுதான் தன் முதல் பொதுப் பேச்சு என்று அவரே சொல்லியிருக்கிறார். அங்கே அவரிடம் விஷயம் இருந்தது, தயாராகவும் போயிருந்தார்.

ஆங்கில எழுத்துக்கு வெட்கப்படாதீர்கள். டர்பனில் பலர் தேவாரமே அப்படித்தான் பாடுகிறோம். ‘ழ’ வரும் இடத்தில் மட்டும் சிவப்பு வட்டம் போடுங்கள். நாக்கு நுனியை மேலே வளையுங்கள், அண்ணத்தில் படக்கூடாது. தினமும் பத்துத் தடவை ‘வாழைப்பழம்’. அன்றைக்கு வரவில்லையென்றாலும் யாரும் பாதியில் எழுந்து போகமாட்டார்கள்.

அரை மணி முன்னாலேயே போய், காலி மேடையில் நின்று மைக்கில் பேசிப் பாருங்கள். நன்றி சொல்ல வேண்டியவர்களின் பெயர்களை அட்டையில் பெரிதாக எழுதுங்கள். அந்த மாப்பிள்ளை இன்றைக்கும் என்னைப் பார்த்தால், தன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் வணக்கம் வைக்கிறார்.