நாய்க்குப் போடும் காய்ந்த கோழித் துண்டு: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: புரட்டாசி முழுக்க எங்கள் வீட்டில் கறி கிடையாது. நாய் பாவம் என்று டர்பனில் ஒரு சந்தைக் கடையில் டப்பாவில் குவித்து வைத்து விற்ற காய்ந்த கோழித் துண்டுகளை வாங்கிப் போட்டோம். மால்டீஸ் கலப்பு, 8 கிலோ, 6 வயது. இப்போது சில நாளாகத் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்துக்கொண்டே இருக்கிறான். ராத்திரியில் வீட்டுக்குள்ளேயே மூத்திரம் போய்விடுகிறான். அந்த ட்ரீட்தான் காரணமா? இனிமேல் எதை வாங்குவது?
சாட்ஸ்வர்த் வாசகி

பதில்: எதை வாங்குவது என்பதை அப்புறம் பார்ப்போம் அம்மா. முதலில் அந்தத் துண்டுகளை இன்றோடு நிறுத்துங்கள். மிச்சம் இருப்பதைக் குப்பையில் போடாமல், பிறகு சோதிக்க வேண்டியிருந்தால் உதவும் என்று ஒரு பையில் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள். வீட்டை நனைக்கிறான் என்று தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள். சிறுநீரகத்தில் கோளாறு இருந்தால், குடிக்கும் தண்ணீர்தான் அவனைத் தாங்கிக்கொண்டிருக்கும்.

நாளைக் காலை அவன் முதலில் போகும்போது ஒரு பழைய குழிக் கரண்டியை அடியில் நீட்டிச் சிறுநீரைப் பிடித்து, சுத்தமான பாட்டிலில் ஊற்றி அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். நாயையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். சிறுநீரிலும் ரத்தத்திலும் சர்க்கரையை ஒரே நாளில் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது. நல்ல சிறுநீரகம் வடிகட்டிய சர்க்கரையைத் திரும்ப உறிஞ்சி ரத்தத்துக்கே அனுப்பிவிடும். அந்த வேலையைச் செய்யும் சிறுநீரக நுண்குழாய்கள் கெட்டுப்போனால், ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருக்கும்போதே சிறுநீரில் சர்க்கரை இறங்கும். ஃபான்கோனி நோய்க்குறி என்று மருத்துவர் சொல்வது இதைத்தான். சிறுநீரை மட்டும் பார்த்துவிட்டு 'சுகர்' என்று இன்சுலின் போட ஆரம்பித்தால் ஆபத்து. ரத்தத்திலும் சர்க்கரை ஏறியிருந்தால் அது நிஜமான சர்க்கரை நோய். அதற்கான வழி வேறு. எலிக்காய்ச்சலும் சில சமயம் இதே மாதிரி சிறுநீரகத்தைக் கெடுக்கும். தடுப்பூசி அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

ட்ரீட்தான் காரணம் என்று இங்கிருந்து என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான். 2007 முதல் 2015 முடிய அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு வந்த புகார்களில் 6,200-க்கும் மேற்பட்ட நாய்கள் நோயுற்றிருந்தன. 1,100-க்கு மேல் இறந்தன. பெரும்பாலும் கோழி, வாத்து, சர்க்கரைவள்ளி ஆகியவற்றைக் காயவைத்த துண்டுகள். அதிலும் பெரும்பகுதி சீனாவில் தயாரானவை. பல வருடம் சோதித்தும் இன்ன பொருள்தான் காரணம் என்று பிடிபடவில்லை. ஆஸ்திரேலியாவில் இதே கோளாறு வந்தவற்றில் சின்ன நாய்களே அதிகம். ஆறுதலான விஷயம், சீக்கிரம் கண்டுபிடித்து நிறுத்திவிட்டால் நிறைய நாய்கள் தேறிவிடுகின்றன. சிறுநீர் பழையபடி ஆக வாரங்கள், சில சமயம் மாதங்கள்கூட ஆகும்.

சரி, இனி கடைக்கு வருவோம். டப்பாவில் கொட்டி விற்பதை நான் வாங்கவே மாட்டேன். யார் செய்தது, எப்போது செய்தது, எந்தத் தொகுதியில் (பேட்ச்) செய்தது, ஒன்றும் தெரியாது. தென்னாப்பிரிக்காவில் நாய் உணவு 1947-ஆம் ஆண்டின் 36-ஆம் சட்டத்தின்படி பதிவாக வேண்டும். பதிவான பொருளின் பொட்டலத்தில் 'வி' என்ற ஆங்கில எழுத்தோடு ஓர் எண் இருக்கும். அந்த எண் இருப்பதால் ஒவ்வொரு பொட்டலத்தையும் யாரோ சோதித்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. 2007-இல் மெலமைன் என்ற பிளாஸ்டிக் தொழில் ரசாயனம் கலந்த சோளப் புரதம் இங்கேயே நாய் உணவில் நுழைந்தது. 2011-இல் கௌட்டெங் மாகாணத்தில் பூஞ்சை நஞ்சான அஃப்லடாக்ஸின் கலந்த தீனியால் நாய்கள் செத்தன. எண் இருந்தால் ஏதாவது நடந்தபின் பிடித்துக் கேட்க ஒரு ஆள் இருக்கிறார், அவ்வளவுதான். எனக்கு அதுவே பெரிய விஷயம். 'இங்கே பொதியப்பட்டது' என்று மட்டும் போட்டிருந்தால் கறி எங்கிருந்து வந்தது என்று தெரியாது, அதையும் கவனியுங்கள்.

டர்பன் புழுக்கத்தில், பிரித்த பொட்டலத்தை அலமாரியில் வைத்தால் பூஞ்சை பிடிக்க அதிக நாள் ஆகாது. ஃப்ரிட்ஜில் வையுங்கள். பிசுபிசுப்போ வெள்ளைப் படலமோ தெரிந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். காய்ந்த பன்றிக் காதில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். 2019-இல் அமெரிக்காவில் அதனால் மனிதர்களுக்கே நோய் பரவியது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அது வேண்டாம். கடிக்கும் எலும்பு வகைகளைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் பதியாவிட்டால் பல்லை உடைக்கும். சைலிட்டால் என்ற இனிப்பு சேர்ந்தது எதுவும் கூடவே கூடாது.

அளவும் முக்கியம். 8 கிலோ நாய்க்கு நாளைக்குச் சுமார் 500 கலோரி. ட்ரீட் அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. காய்ந்த கோழியில் அது 15 கிராம்கூட வராது. பேரப்பிள்ளைகள் ஆளுக்கொரு துண்டு போட்டாலே தாண்டிவிடும்.

இப்போதைக்கு மருத்துவர் சொல்வதைத் தவிர வேறு எதுவும் போடாதீர்கள். அவன் தேறிய பிறகு, அடுத்த புரட்டாசியில் அவன் தினமும் தின்னும் காய்ந்த பெல்லட் தீனியிலிருந்தே ஒரு கைப்பிடியை எடுத்து வைத்து ட்ரீட்டாகக் கொடுங்கள். வேறு என்னவோ கிடைக்கிறது என்றுதான் நினைப்பான். உப்பில்லாமல் வேகவைத்த கேரட், பீன்ஸ், பட்டர்நட் பூசணியும் தரலாம். விரதம் முடிந்ததும் கோழியைத் தனியாக, மசாலா இல்லாமல் வேகவையுங்கள். குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிப் போடுவது சரிவராது. வெங்காயம் நாயின் ரத்த அணுக்களைக் கெடுக்கும்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. அந்தக் கடைக்காரரிடம் போய், துண்டுகளைக் கொட்டிய மூலப் பெட்டி இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் தயாரிப்பாளர் பெயரையும் தொகுதி எண்ணையும் போனில் படம் எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.