இசைக் கேள்வி: எதிரொலியைத் தாளத்தில் ஓடவைப்பது எப்படி?

கேள்வி: சர்ச் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய பாஸ் டிடி-3 டிலே பெடல் (வாசித்ததைச் சற்றுத் தள்ளி எதிரொலியாகத் திருப்பித் தரும் கருவி) வைத்திருக்கிறேன். யு2 குழுவின் கிட்டார் கலைஞர் எட்ஜ் வாசிப்பதுபோல எதிரொலியே தாளமாக ஓட வேண்டும் என்று ஆசை. பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 120 பீட். ஒரு பீட்டுக்கு ஒரு எதிரொலி விழும்படி வைத்திருக்கிறேன். சத்தம் கொழகொழவென்று ஆகிறதே தவிர அந்த ஓட்டம் வரவில்லை. பெடல் பழுதா அண்ணா?
கல்லூரி மாணவர், தூத்துக்குடி

பதில்: பெடலைச் சந்தேகப்படாதீர்கள் தம்பி, வைத்த நேரம்தான் சிக்கல். 120 வேகத்தில் ஒரு பீட் 500 மில்லிசெகண்ட். பீட்டுக்கு இரண்டு அடி வாசித்தால் 250க்கு ஒன்று. 500 கழித்துத் திரும்பும் எதிரொலி, அப்போது நீங்கள் வாசிக்கும் அடியின் தலையிலேயே வந்து உட்காரும். காதுக்குப் புதிதாக எதுவும் கேட்காது.

எட்ஜ் பெரும்பாலும் வைப்பது முக்கால் பீட். 'டாட்டட் எய்த்' என்பார்கள். 1987இல் வந்த 'தி ஜோஷுவா ட்ரீ' ஆல்பத்தின் முதல் பாட்டைக் கேட்டால் புரியும். கணக்கு சுலபம்: 45,000ஐ பாட்டின் வேகத்தால் வகுங்கள். 120க்கு 375 மில்லிசெகண்ட்.

ஏன் முக்கால்? ஒரு பீட்டைத் தகதிமி என்று சொல்லிப் பாருங்கள். உங்கள் கை 'த'விலும் 'தி'யிலும் அடிக்கிறது. எதிரொலி மூன்று எழுத்து தள்ளி வருகிறது. 'த'வில் அடித்தது 'மி'யில் விழும். 'தி'யில் அடித்தது அடுத்த பீட்டின் 'க'வில் விழும். நீங்கள் விட்ட இடங்களையெல்லாம் பெடல் நிரப்பிவிடும். வாசிப்பது இரண்டு, கேட்பது நான்கு. அதனால் வேகமாக அடிக்க ஆசைப்படாதீர்கள். நீங்களே நான்கும் அடித்தால் பெடலுக்கு இடமில்லாமல் போய்விடும்.

டிடி-3இல் மில்லிசெகண்ட் காட்டும் திரை கிடையாது, காதால்தான் பிடிக்க வேண்டும். மோடை 800 மில்லிசெகண்ட் வரை போகும் இடத்தில் வையுங்கள். மெட்ரோனோமை (பீட்டுக்கு ஒரு கிளிக் தரும் கருவி) 120இல் ஓடவிட்டு, எதிரொலி எத்தனை முறை திரும்ப வேண்டும் என்பதை வைக்கும் ஃபீட்பேக்கைக் கொஞ்சம் ஏற்றி, ஒன்றாவது பீட்டில் மட்டும் கம்பியை அமுக்கி ஒரே ஒரு 'டக்'. நான்காவது எதிரொலி சரியாக நான்காவது பீட்டில் விழும்வரை டைம் நாபை நகர்த்துங்கள். அது பொருந்தினால் 375 வந்துவிட்டது. இன்னொரு வழி: மெட்ரோனோமை 160க்கு மாற்றி, கிளிக்குக்கு ஒரு எதிரொலி வரும்படி வையுங்கள். 160இல் ஒரு பீட் அதே 375தான். பிறகு 120க்குத் திரும்புங்கள்.

அப்புறம் எஃபெக்ட் லெவல், அதாவது எதிரொலியின் சத்த அளவு. பலர் பயந்துபோய் இதைக் கால்வாசியில் வைக்கிறார்கள். அழகுக்கு டிலே போடும்போது அது போதும். இங்கே எதிரொலியும் ஒரு கை, ஏறக்குறைய உங்கள் அடிக்குச் சமமாகக் கேட்க வேண்டும். நேரம் பிடித்தபின் ஃபீட்பேக்கை இறக்கிவிடுங்கள், இரண்டு மூன்று எதிரொலிக்கு மேல் வேண்டாம். சத்தத்தைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடல் இருந்தால் அது முன்னால், டிலே அதற்குப் பின்னால்.

இவ்வளவும் செய்தாலும் டிரம்மர் கிளிக் கேட்டு வாசிக்காவிட்டால் வீண். பல்லவி வந்ததும் உற்சாகத்தில் அவர் வேகத்தைக் கூட்டுவார், பெடல் கூட்டாது. அவரிடம் முதலில் பேசுங்கள், அதுதான் கஷ்டமான வேலை!

கேள்வி: இதே வேலைக்குப் பழைய டிஎம்-2 அனலாக் டிலே வாங்கலாமா?
வாசகர், கோவை

பதில்: அது எதிரொலியை அதிகபட்சம் 300 மில்லிசெகண்ட்தான் தள்ளிவைக்கும். முக்கால் பீட் வேண்டுமென்றால் பாட்டு 150 வேகமாவது இருக்க வேண்டும். அதன் இதமான, மங்கலான எதிரொலி பிடித்திருந்தால் தாராளமாக வாங்குங்கள். இந்த வேலைக்கு மட்டும் என்றால் வேண்டாம்.