அக்வா பற்றரி: திருத்துறதா, விக்கிறதா?

உங்கட 2013 ரொயோற்றா அக்வா ஹைபிரிட் காரில சிவப்பு முக்கோண எச்சரிக்கை லைற் எரியுது, கராஜில பற்றரியை மாத்தச் சொல்லீட்டினம், திருத்துறதோ விக்கிறதோ எண்டு கேட்டிருக்கிறீங்கள். இப்ப விக்காதீங்கோ. அந்த லைற் எரியிற காருக்கு, வாங்கிறவர் புதுப் பற்றரிக் காசைக் கழிச்சுத்தான் விலை சொல்லுவார்.

பரந்தன், புதுக்குடியிருப்பு உள்றோட்டில ஓடுற கார் எண்டபடியால் எனக்குப் புழுதியிலதான் முதல் சந்தேகம். பின் சீற்றுக்குக் கீழ இருக்கிற பற்றரியைக் குளிராக்கிற ஃபேன், காருக்குள்ள இருந்துதான் காத்தை இழுக்குது. கிரவல் தூசியும் சீற்றுப் பஞ்சும் அதின்ர இதழில கம்பளி மாதிரிப் படிஞ்சால் பற்றரி வெந்துபோகும்.

கராஜ்காரர் பி0ஏ80 கோட்டை (ஹைபிரிட் பற்றரி பழுது எண்டு கார் காட்டுற குறியீடு) பாத்ததோட "மாத்து" எண்டிருக்கினம். அது போதாது. ஏசியைப் போட்டு ஓடேக்க, ஸ்கானரில (காரோட கொழுவிப் பாக்கிற கருவி) பற்றரியின்ர ஒவ்வொரு புளொக்கின்ர (செல்கள் சேர்ந்த ஒரு பகுதி) வோல்ற்றேஜையும் பாக்கச் சொல்லுங்கோ. ஒரு புளொக் மட்டும் மற்றதுகளை விட 1 வோல்ற்றுக்கு மேல குறைஞ்சு நிண்டால் அதில ஒரு செல் செத்திட்டுது (ஒரு செல் 1.2 வோல்ற்). எல்லாம் சேர்ந்து கெதியா இறங்கினால் முழுப் பற்றரியும் கிழடு.

பற்றரிக்குள்ள இருக்கிற 20 மொடியூலில (செல்கள் அடங்கின துண்டு) ஒண்டை மட்டும் மாத்திறதை நான் விரும்பேல்லை. மிச்சம் 19உம் அதே வயசு, அடுத்தது பின்னால வரும். முழு செட்டாப் போடுங்கோ, ஃபேனையும் கழட்டிக் கழுவுங்கோ.

ஒழுக்கு இல்லாமல் கூலன்ற் குறைஞ்சு, காலமை ஸ்ராட் பண்ணேக்க எஞ்சின் உதறினால் கதை வேற: ஹெட் கஸ்கெற் (எஞ்சின் தலைக்குக் கீழ இருக்கிற அடைப்புத் தகடு) போயிருக்கலாம். ரெண்டு செலவும் சேர்ந்தால் வித்திடுங்கோ.

பற்றரியின்ர செம்மஞ்சள் வயரில நீங்கள் கைவைக்காதீங்கோ. உள்ள 144 வோல்ற். தெரிஞ்சவரும் சேவிஸ் பிளக்கை (பற்றரியின்ர கறண்டைத் துண்டிக்கிற பிளக்) கழட்டி 10 நிமிசம் பொறுத்துத்தான் திறக்கவேணும்.