ஸ்தனிஸ்லாஸ்: தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைக்கலாமா?

கேள்வி: என் தாத்தா பெயர் ஸ்தனிஸ்லாஸ். பிறந்திருக்கும் மகனுக்கு அதையே வைக்க ஆசை. இது லத்தீன் பெயரா? பொருள் என்ன? எந்தப் புனிதரின் திருநாளைக் கொண்டாடுவது?

பதில்: தாராளமாக வையுங்கள். அழகான பெயர், ஆழமான பெயரும்கூட.

இது லத்தீன் அல்ல, ஸ்லாவியப் பெயர். போலந்துக்காரர்கள் 'ஸ்தனிஸ்வாஃப்' என்பார்கள், ரஷ்யர்கள் 'ஸ்தனிஸ்லாஃப்' என்பார்கள். லத்தீனில் அது ஸ்தனிஸ்லாவுஸ் ஆனது, பிரெஞ்சில் ஸ்தனிஸ்லாஸ். உங்கள் தாத்தாவின் பெயர் பிரெஞ்சு வடிவத்தை ஒட்டியே ஒலிக்கிறது.

முதல் பாதி 'நிற்றல், ஆதல்' என்ற வினையிலிருந்து வந்தது. பின்பாதியான 'ஸ்லாவா' என்றால் புகழ். புகழோடு நிலைப்பவன், புகழ் பெறப்போகிறவன் என்று கொள்ளலாம். கிறிஸ்தவம் வருவதற்கு முன்பே ஸ்லாவியர்கள் இப்படி இரு சொற்களைச் சேர்த்துப் பிள்ளைகளுக்குப் பெயரிட்டார்கள். விளாதிஸ்லாவ், மிரோஸ்லாவ், யாரோஸ்லாவ் எல்லாம் அதே வகைதான். சில இணையதளங்களில் 'முகாமின் புகழ்' என்று போட்டிருக்கும். 'ஸ்தன்' என்பதற்கு முகாம் என்ற பொருளும் இருப்பதால் வந்த குழப்பம் அது, பொருட்படுத்தாதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று: இந்த இரண்டு வேர்களுக்கும் வடமொழியில் உறவு உண்டு. ஸ்தானம் என்கிறோமே, அதிலுள்ள 'ஸ்தா' ஒன்று. புகழைக் குறிக்கும் வேதகாலச் சொல்லான 'ச்ரவஸ்' மற்றொன்று.

திருநாளைப் பொறுத்தவரை, இரண்டு புனிதர்கள் இருக்கிறார்கள். மூத்தவர் போலந்தின் கிராக்கோ நகர ஆயர். இரண்டாம் போலெஸ்வாஃப் மன்னரை எதிர்த்து நின்று 1079இல் கொல்லப்பட்டார். அந்தக் கொலைக்குப் பின் மன்னரும் அரியணையை இழந்து ஹங்கேரிக்கு ஓடினார். மன்னரின் பெயரிலும் அதே 'புகழ்' இருப்பதைக் கவனியுங்கள். ஆயருக்கு 1253இல் புனிதர் பட்டம் கிடைத்தது. திருநாள் ஏப்ரல் 11.

இளையவர் ஸ்தனிஸ்லாஸ் கோஸ்கா. இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையில் சேரக் குடும்பம் தடுத்ததால் வியன்னாவிலிருந்து யாருக்கும் தெரியாமல் கிளம்பி, ஜெர்மனி வழியாக ரோம் போய்ச் சேர்ந்தார். அங்கே 1568 ஆகஸ்ட் 15 அன்று இறந்தபோது வயது 17. அதே சபையைச் சேர்ந்த இன்னொரு இளைஞரான அலோசியஸ் கொன்சாகாவுக்கும் இவருக்கும் 1726இல் ஒரே நாளில்தான் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். இயேசு சபையார் நவம்பர் 13 அன்று இவரைக் கொண்டாடுகிறார்கள்.

தாத்தாவின் ஞானஸ்நானப் பதிவு கிடைத்தால் பிறந்த தேதியைப் பாருங்கள். ஏப்ரல், நவம்பர் என்று ஏதாவது ஒன்றை ஒட்டியிருந்தால் யாரை நினைத்துப் பெயர் வைத்தார்கள் என்று ஊகிக்கலாம். தடயம் இல்லையென்றால் குழந்தைக்கு நான் கோஸ்காவையே தேர்ந்தெடுப்பேன், மாணவர்களுக்கு நெருக்கமானவர்.

ஆங்கில எழுத்தில் 'லாஸ்', 'லாவுஸ்' இரண்டில் ஒன்றை இப்போதே முடிவு செய்து, பிறப்புச் சான்றிதழிலும் ஞானஸ்நானச் சான்றிதழிலும் ஒரே மாதிரி எழுதுங்கள். பின்னால் பாஸ்போர்ட் எடுக்கும்போது அலைச்சல் இருக்காது. வீட்டில் கூப்பிட, ரஷ்யர்கள் மாதிரி 'ஸ்தாஸ்' என்று சுருக்கிக்கொள்ளலாம்.