கோத்தகிரிக் குளிரில் ஆஃப்செட் ஸ்மோக்கர்: புதிதாகச் செய்வதா, இருப்பதைச் சரிசெய்வதா?

கேள்வி: கோத்தகிரிக்குப் பக்கத்தில் வீடு, பின்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது. போன வருடம் ஆன்லைனில் ஒரு ஆஃப்செட் ஸ்மோக்கர் (நெருப்புப் பெட்டி பக்கத்தில் தனியாக இருந்து, அதன் சூடும் புகையும் கறிப் பெட்டிக்குள் ஓடிக் கறியை வேகவைக்கும் அடுப்பு) வாங்கினேன், தகடு 2 மி.மீ. இருந்தால் அதிகம். சூடு ஒரு நேரம் 90 டிகிரி, அரை மணி கழித்துப் பார்த்தால் 170. கறி மேலே கறுத்துப்போய்க் கசக்கிறது. விறகு, எஸ்டேட்டில் வாங்கும் சில்வர் ஓக்கும் கற்பூர மரமும். புகை வெளியே போய்விடக் கூடாது என்று புகைபோக்கியைப் பாதி மூடித்தான் வைக்கிறேன். கோயம்புத்தூரில் 6 மி.மீ. தகட்டில் புதிதாகச் செய்துகொள்ளலாமா? என்ன அளவு சொல்ல வேண்டும்?

பதில்: செய்யலாம், அளவும் கீழே சொல்கிறேன். ஆனால் இப்போதே பட்டறைக்குப் போகாதீர்கள். கசப்புக்கும் கறுப்புக்கும் தகட்டின் கனத்துக்கும் சம்பந்தமே இல்லை, அந்த இரண்டும் விறகாலும் புகைபோக்கியாலும் வருபவை. நீங்கள் இப்போது எரிக்கிற மாதிரியே எரித்தால் 6 மி.மீ. தகட்டிலும் அதே கசப்புக் கறிதான் வரும், கூடவே இருநூறு கிலோ இரும்பும் வாசலில் நிற்கும்.

முதல் வேலை, புகைபோக்கியை முழுதாகத் திறங்கள், அப்புறம் அதைத் தொடவே தொடாதீர்கள். இந்த அடுப்பில் புகையைச் சேமிக்கக் கூடாது, அது கறியைத் தடவிக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வெளியேறும் வழியை அடைத்தால் நெருப்புக்குக் காற்று போதாது, விறகு எரியாமல் புகைய ஆரம்பிக்கும், வெள்ளையாகக் கெட்டியாக வரும் அந்தப் புகையில் இருக்கிற தார் கறிமேல் படியும். நீங்கள் சொல்கிற கறுப்பு அதுதான். நன்றாக எரிகிற நெருப்பில் புகைபோக்கி வாயில் லேசான நீலம் தெரியும், சில நேரம் எதுவுமே தெரியாது, வெறும் அனல் அலை மட்டும் தெரியும். அப்போதுதான் கறியை உள்ளே வைக்க வேண்டும். சூட்டைக் குறைக்கவும் கூட்டவும் நெருப்பின் அளவும் அடியில் இருக்கிற காற்று வாயும் போதும்.

இரண்டாவது விறகு. கற்பூர மரத்தை, அதாவது யூக்கலிப்டஸை, இன்றோடு விட்டுவிடுங்கள். குளிர்காய நல்ல விறகுதான், ஆனால் அதன் தைல வாடை கறியில் ஏறினால் போகாது. பைன், சைப்ரஸ் இரண்டிலும் பிசின், அவையும் வேண்டாம். சில்வர் ஓக்கைப் பொறுத்தவரை, அமெரிக்காக்காரர்கள் ஓக் நல்லது என்று சொல்வதைக் கேட்டுப் பலர் இதை எரிக்கிறார்கள். இது ஆஸ்திரேலியாவிலிருந்து தேயிலைக்கு நிழலாக வந்த மரம், ஓக் குடும்பமே வேறு. லேசான கட்டை, சீக்கிரம் எரிந்து தணல் நிற்காமல் போய்விடும். உங்கள் சூடு 90-க்கும் 170-க்கும் குதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சீகை மரம் (நம் மலைப் புல்வெளிகளையெல்லாம் மூடிக்கொண்டிருக்கிறதே, அந்த வாட்டில்தான்) பட்டையை உரித்து நன்றாகக் காய்ந்திருந்தால் சூட்டுக்குப் பரவாயில்லை.

வாசனைக்கு இந்த மலையில் கிடைப்பதில் எனக்கு மிகவும் பிடித்தது பிளம்ஸ் மரமும் பேரி மரமும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பழைய பழத்தோட்டங்களில் கவாத்து செய்கிறவர்களிடம் சொல்லி வைத்தால் கிடைக்கும். கொய்யாவும் மாவும் மேட்டுப்பாளையத்திலிருந்து வரும். பழநி மலை வாசகர்களுக்கு ஒன்று: தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் பழைய காப்பிச் செடிகளைப் பிடுங்கும்போது அந்தக் கட்டைகளைக் கேட்டு வாங்குங்கள், சிறியதாக இருந்தாலும் கெட்டியாக நின்று எரியும். தேயிலைக் கட்டையும் கெட்டிதான், ஆனால் மருந்தடித்த தோட்டத்துக் கட்டை உணவுக்கு வேண்டாம். சமவெளியில் மலிவாகக் கிடைக்கும் சீமைக்கருவேலம், டெக்சாஸ்காரர்கள் கொண்டாடுகிற மெஸ்கீட்டின் நெருங்கிய சொந்தம். வாசனை காரமாக இருக்கும், அதனால் விறகாக முழு நேரமும் எரிக்காமல் அதன் கரியைத் தணல் போட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அரளியைக் குச்சிகூடச் சேர்க்காதீர்கள், விஷம். பெயின்ட் அடித்த பலகையும் அப்படியே. மரத்தை நீங்களே வெட்டலாம் என்று நினைத்தால், 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, சொந்த நிலத்து மரத்துக்கும் அனுமதி கேட்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

எந்த மரமாக இருந்தாலும் ஈரம் இருந்தால் எல்லாம் வீண். ஊட்டி, கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை, கோத்தகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வடகிழக்கு, நடுவில் மூடுபனி. திறந்த வெளியில் அடுக்கிய விறகு இங்கே காயவே காயாது. மேலே தகரம், பக்கங்கள் திறப்பு, தரையிலிருந்து ஒரு செங்கல் உயரம், பிளந்த விறகு. இப்படி ஒரு வருடமாவது இருக்கட்டும். ஈரம் பார்க்கும் மீட்டர் ஆன்லைனில் கிடைக்கிறது. கட்டையைப் புதிதாகப் பிளந்து உள்பக்கத்தில் குத்திப் பார்த்தால் 20 சதவீதத்துக்குள் காட்ட வேண்டும். அடுத்துப் போடப்போகும் கட்டையை நெருப்புப் பெட்டியின் மேலேயே சூடேற வையுங்கள், உள்ளே போனதும் உடனே பற்றிக்கொள்ளும், வெள்ளைப் புகை வராது.

நெருப்பு போடும் முறை இதுதான். முதலில் கரியில் நல்ல தணல், அதன்மேல் ஒரு முழ நீளத்துக்குள், மணிக்கட்டு கனத்தில் பிளந்த ஒரு கட்டை. அது பாதிக்கு மேல் எரிந்து தணலாகும்போது அடுத்தது, ஏறக்குறைய 30 முதல் 45 நிமிடத்துக்கு ஒன்று. பெரிய கட்டை இரண்டைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டால் 170-தான் காட்டும், அதைப் பார்த்துப் பயந்து காற்றை அடைத்தால் 90-க்கு விழும். நீங்கள் எழுதியிருக்கிற ஏற்ற இறக்கத்தில் பெரும்பகுதி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. 110 முதல் 135 டிகிரிக்குள் எங்கே நின்றாலும் நிம்மதியாக இருங்கள், ஒரே எண்ணில் நிற்க வேண்டிய அவசியமில்லை.

இனி மலைக்கே உரிய விஷயம், எந்த அமெரிக்க வீடியோவிலும் நமக்காகச் சொல்லியிருக்க மாட்டார்கள். கோத்தகிரி உயரத்தில், சுமார் 1,800 மீட்டரில், காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதாவது அதே அளவு திறப்பு வழியாக உள்ளே வரும் ஆக்சிஜனும் அவ்வளவு குறைவு. சமவெளிக்குச் செய்த அடுப்பு இங்கே மூச்சுத் திணறுவதற்கு இதுதான் காரணம், நீங்கள் புகைபோக்கியையும் மூடினால் கேட்கவே வேண்டாம். காற்று வாயைத் தாராளமாகத் திறந்து வையுங்கள், அது போதவில்லை என்றால் நெருப்புப் பெட்டிக் கதவையே இரண்டு விரல் அகலம் திறந்து வைக்கலாம், தவறில்லை.

அழுத்தம் குறைவதால் தண்ணீரும் சீக்கிரம் கொதிக்கும். கோத்தகிரியிலும் குன்னூரிலும் ஏறக்குறைய 94 டிகிரி, கொடைக்கானலில் 93, ஊட்டியில் 92-க்கும் 93-க்கும் நடுவில். தெர்மாமீட்டரைக் கொதிநீரில் சோதிக்கும்போது 100 காட்டவில்லையே என்று நல்ல கருவியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஐஸ் தண்ணீரில் 0 காட்டுகிறதா என்று பாருங்கள், அந்தச் சோதனை எந்த உயரத்திலும் மாறாது. கறிக்கும் இதே கணக்கு வரும். பன்றித் தோளையும் மாட்டு நெஞ்சுக்கறியையும் உள்ளே 95 டிகிரி வரை கொண்டுபோகச் சொல்வார்கள். கறிக்குள் இருப்பதும் தண்ணீர்தானே, ஊட்டியில் 95-க்காகக் காத்திருந்தால் அது ஆவியாகிக்கொண்டே இருக்கும், கறி வறண்டு நாராகிவிடும். அதனால் 87, 88 டிகிரியிலிருந்தே குத்திப் பார்க்க ஆரம்பியுங்கள். கம்பி வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கினால் எடுத்துவிடலாம், எண்ணைப் பார்க்க வேண்டாம். கோழிக்கு மட்டும் இந்தத் தளர்வு கிடையாது: தொடையின் கனமான இடத்தில் 74 டிகிரி வந்தே ஆக வேண்டும்.

சமையலின் நடுவே 65, 70 டிகிரி வாக்கில் கறியின் உள்சூடு மணிக்கணக்காக ஏறாமல் நிற்கும், கறியின் ஈரம் ஆவியாகித் தன்னைத்தானே குளிர்விப்பதால் வருவது. பயந்து விறகை அள்ளிப் போடாதீர்கள். மேல்பகுதி நல்ல நிறம் வந்துவிட்டால் அனலில் வாட்டிய வாழையிலையில் சுற்றி, மேலே ஃபாயில் போட்டுத் திரும்ப வையுங்கள். இதற்கென்று விற்கும் தாளைத் தேடி அலைவதைவிட நம் இலை நன்றாகவே வேலை செய்கிறது.

சரி, இருக்கிற 2 மி.மீ. அடுப்பை என்ன செய்யலாம்? மூடியிலும் இணைப்பிலும் புகை எங்கே கசிகிறது என்று பாருங்கள். கறி இருக்கும் பெட்டியின் மூடிக்கு, உணவுக்கு ஆகும், அதிக வெப்பம் தாங்கும் சிலிக்கோன் பசை போதும். நெருப்புப் பெட்டிக்கு அது தாங்காது, கிளாஸ் ஃபைபர் கயிறு வேண்டும், தேயிலை ஃபேக்டரியில் ட்ரையர் அடுப்பு வேலை பார்க்கிற ஃபிட்டரைக் கேட்டால் எங்கே கிடைக்கும் என்று தெரியும். ஆஸ்பெஸ்டாஸ் கயிறு யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். உள்ளே கம்பி வலைக்கு அடியில் நன்றாகக் காய்ந்த செங்கல் ஏழெட்டை அடுக்குங்கள், அவை சூட்டைப் பிடித்து வைத்து ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும். மூடியில் இருக்கும் டயலை நம்பாமல், கறி இருக்கும் மட்டத்தில் இரண்டு முனையிலும் ஒவ்வொரு கம்பி தெர்மாமீட்டர் வையுங்கள். எங்கே சூடு அதிகம் என்று தெரிய வலை முழுக்க பிரெட் துண்டுகளைப் பரப்பிப் பத்து நிமிடம் விடுங்கள், கருகின இடம் எது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

காற்றுக்கும் யோசிக்க வேண்டும். நம் பள்ளத்தாக்குகளில் பகலில் காற்று மேல்நோக்கி ஏறும், பொழுது சாய்ந்ததும் திரும்பிக் கீழே இறங்கும். காலையில் சரியாக எரிந்த அடுப்பு மாலையில் திடீரென்று புகைந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். புகைபோக்கிப் பக்கத்திலிருந்து காற்று அடிக்காதபடி ஒரு தகரத் தட்டியை நகர்த்தி வைத்தாலே போதும்.

இவ்வளவையும் செய்து நாலைந்து முறை சமைத்துப் பார்த்த பிறகும் கட்டையை அரை மணிக்கு முன்பே போட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது என்றால் அப்போது புதிது செய்யுங்கள், அந்தக் குறை நிஜமாகவே தகட்டுடையது, டிசம்பர் குளிரில் மெல்லிய தகடு சூட்டை வெளியே கொட்டிக்கொண்டே இருக்கும். அளவு: கறிப் பெட்டி 50 செ.மீ. விட்டம், 120 செ.மீ. நீளம். நெருப்புப் பெட்டி அதன் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு என்பது வழக்கமான கணக்கு, அப்படிப் பார்த்தால் அதே விட்டத்தில் 40 செ.மீ. நீளம் வரும், நம் குளிருக்கு 50 வையுங்கள். காற்று வாய்க்குச் சமவெளியில் 120 சதுர செ.மீ. போதும் என்றால் இங்கே கால் பங்கு கூட்டி 150, அதாவது 10-க்கு 15 செ.மீ. நகர்த்தும் ஷட்டர். இரண்டு பெட்டிக்கும் நடுவே திறப்பு 300 சதுர செ.மீ.க்குக் குறையாமல். புகைபோக்கி 5 அங்குலக் குழாய், 90 செ.மீ. உயரம், அது கறி மட்டத்திலிருந்தே கிளம்ப வேண்டும், உச்சியிலிருந்து கிளம்பினால் அனல் மேலோடு ஓடிவிடும்.

கனம் பற்றி என் கருத்து, எல்லாவற்றையும் 6 மி.மீ.யில் செய்ய வேண்டியதில்லை. 6 மி.மீ. தகடு சதுர மீட்டருக்கு 47 கிலோ. இந்த அளவுக்குப் பெட்டிகள் மட்டும் 160 கிலோவைத் தாண்டும், கால், கதவு, வலை சேர்ந்தால் 200. மேட்டுப்பாளையத்திலிருந்து வண்டியில் ஏற்றி வந்துவிடலாம், ரோட்டிலிருந்து உங்கள் வீட்டுப் படிக்கட்டில் இறக்குவதுதான் பாடு. நெருப்புப் பெட்டியை 6-லும் கறிப் பெட்டியை 4-லும் செய்தால் 35 கிலோ போல மிச்சம், சமையலில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஜிஐ தகடு கூடவே கூடாது, துத்தநாகம் சூட்டில் புகையாக வரும். கெமிக்கல் வந்த பழைய டிரம்மும் வேண்டாம். வந்ததும் உள்ளே கடலை எண்ணெயைத் துடைத்துவிட்டு, கறி எதுவும் வைக்காமல் இரண்டு மூன்று மணி நேரம் 150 டிகிரிக்கு மேல் எரித்துப் பழக்குங்கள்.

கடைசியாகக் கரடி. கோயில் விளக்கு எண்ணெய்க்கே கதவை உடைக்கிற கரடிகள் இருக்கிற ஊரில், கறிக் கொழுப்பு சொட்டுகிற வாளியை இரவில் வெளியே விடுவது உங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஆபத்து. 3 கிலோ பன்றித் தோளுக்கு எட்டு, ஒன்பது மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொண்டு விடியற்காலை வெளிச்சம் வந்ததும் பற்ற வையுங்கள், இருட்டுவதற்குள் எடுத்துவிட்டு வலையைச் சுரண்டி, வாளியைக் கழுவி உள்ளே வையுங்கள். ராத்திரி முழுக்கச் சமைக்கிற அந்த முறை இந்த ஊருக்கு வேண்டாம். பனியில் கருகிய புல் இருக்கும் ஜனவரி முதல் மார்ச் வரை அடுப்பைச் சுற்றி மூன்று மீட்டராவது செதுக்கி, ஒரு வாளி தண்ணீரைப் பக்கத்தில் வைத்திருங்கள். குளிர்கிறதே என்று மிச்சத் தணலை மட்டும் ஒருபோதும் அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். கரி அடுப்பை உள்ளே வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் எழுந்திருக்காமலே போன செய்திகள் நம் மலைகளிலிருந்து வந்திருக்கின்றன. கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது.

புகைபோக்கியைத் திறந்து, விறகை மாற்றியதும் முதலில் இரண்டாகப் பிளந்த கோழியை வையுங்கள், இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும், நெருப்பு சரியாக இருந்ததா என்று தோலைக் கடித்ததுமே தெரிந்துவிடும். அடுத்து ஆட்டுத் தொடை. நெஞ்சுக்கறி அதற்கப்புறம்.